பனகல் பூங்கா தெரியும். பனகல் அரசரை எதிர்த்து நின்ற சித்தூர்க்காரரைத் தெரியுமா?

சென்னை தி.நகர் பனகல் பூங்கா பக்கம் போகாதவர்கள் குறைவு. தீபாவளி ஷாப்பிங்கோ, மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட போக்குவரத்தோ, ஏதோ ஒரு காரணத்துக்காக அந்த இடத்தை நாம் சுற்றியிருப்போம். பூங்காவுக்குப் பெயர் கொடுத்த பனகல் அரசர், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். இன்றைய கணக்கில் முதலமைச்சர் மாதிரி.

1923 நவம்பரில் அவருடைய அமைச்சரவை மீது சட்ட மேலவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. இந்தியச் சட்டமன்றங்களின் வரலாற்றில் இதுதான் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதைக் கொண்டுவந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. ஆந்திராவில் எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது சி.ஆர்.ரெட்டி.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பனகல் அரசர் பிறந்தது காளஹஸ்தியில். ரெட்டி பிறந்தது சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில். ஒருவர் ஊருக்கும் மற்றவர் ஊருக்கும் நடுவே திருப்பதி. ஒரே மாவட்டத்து இரண்டு பேர் சென்னையில் நின்று மோதிய கதை இது. தோற்றவரின் பெயரில் தி.நகரில் பூங்கா இல்லை. ஆனால் அவர் விட்டுச்சென்றது வேறு இடத்தில் இருக்கிறது.

அப்போது சித்தூர் எங்கே இருந்தது?

இன்று சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கிளம்பினால் நடுவில் மாநில எல்லை வருகிறது. ரெட்டி பிறந்த 1880-ல் அந்த எல்லையே கிடையாது. சித்தூர், வேலூர், திருப்பதி எல்லாம் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1-ல் தெலுங்கு அதிகம் பேசும் பகுதிகளைப் பிரித்து, கடப்பா மாவட்டத்திலிருந்தும் சில பகுதிகளைச் சேர்த்து சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அப்போதும் சென்னை மாகாணத்துக்குள்தான். 1953 அக்டோபர் 1 வரை அப்படியே இருந்தது.

அதனால் சித்தூர் பக்கத்துப் பையன் மேற்படிப்பு என்றால் ரயிலேறுவது சென்னைக்கு. ரெட்டியும் அப்படித்தான் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பம். ஜமீன் வம்சம் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்லூரி நாட்களிலேயே அவர் எழுதிய முசலம்ம மரணமு என்ற தெலுங்குக் காவியம் நவீனத் தெலுங்குக் கவிதையின் ஆரம்பப் படைப்புகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அனந்தபூர் பக்கம் புக்கராயசமுத்திரம் ஏரி உடையும் நிலையில், ஊரைக் காப்பாற்ற ஒரு மருமகள் தன்னையே பலி கொடுக்கும் நாட்டார் கதை அது. மழையும் ஏரியும்தான் வாழ்வா சாவா என்று தீர்மானிக்கும் வறண்ட பூமி. சித்தூர் மாவட்டத்துக்காரருக்கு அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவை இருந்திருக்காது.

கேம்பிரிட்ஜ், பரோடா, மைசூர்

1902-ல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறினார். கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பொருளாதார நிபுணரான ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் அதே காலத்தில் அதே மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்.

அந்த மன்றம் சும்மா பேச்சுப் போட்டி மேடை இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் விதிகளை அப்படியே பழகும் இடம். தீர்மானம் கொண்டுவருவது, எதிர்த்துப் பேசுவது, கடைசியில் தலைகளை எண்ணுவது. 18 வருடம் கழித்து சென்னையில் ரெட்டி செய்த காரியத்தின் வேர் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும் பரோடா கல்லூரியில் வேலை. அரவிந்தர் விட்டுப்போன துணை முதல்வர் இடம் இவருக்கு வந்தது. அடுத்து மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியர், பிறகு முதல்வர். 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் திட்டமிடலில் முக்கியப் பங்கு. ஒரு சமஸ்தானம் சொந்தமாக ஆரம்பித்த முதல் பல்கலைக்கழகம் அது.

பிறகு மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவர் ஆனார். அரசுப் பள்ளிகளின் கதவை தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் வேலையில் அவர் உறுதியாக இருந்தார். உயர்சாதியினரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 1920 வாக்கில் நல்ல சம்பளத்தில் இருந்த அந்தப் பதவியைவிட்டு அரசியலுக்கு வந்தார். வயது 40.

அந்தக் காலத்துச் சட்டமன்றம் எப்படி இருந்தது?

இங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். இது புரியாமல் 1923 புரியாது.

1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆட்சியை இரண்டாக வெட்டினார்கள். போலீஸ், நிதி, நில வருவாய், நீதி ஆகியவை ஆளுநர் கையிலும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருக்கும். கல்வி, பொது சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம், கலால் போன்றவை இந்திய அமைச்சர்களுக்கு. சாவி ஒருத்தரிடம், சமையலறை இன்னொருத்தரிடம் என்கிற மாதிரி.

சென்னை மேலவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். அவர்களோடு அரசு நியமித்த 29 பேர். இதில் அதிகாரிகளும் உண்டு. ஆளுநரின் நிர்வாகக் குழுவினரும் அவையில் உட்காருவார்கள், ஓட்டுப் போடுவார்கள்.

ஓட்டுரிமை யாருக்கு? நில வரி, வீட்டு வரி மாதிரி ஏதாவது குறிப்பிட்ட அளவு கட்டுபவர்களுக்கு மட்டும். சுமார் 4 கோடி மக்கள் இருந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்காளர்கள் ஏறக்குறைய 12.5 லட்சம் பேர்தான். காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. வாக்குரிமை இருந்தவர்களிலும் சுமார் கால்வாசிப் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-ல் சென்னை மேலவை தீர்மானம் போட்ட பிறகே வந்தது.

தொகுதிகளை மதம் வாரியாகவும் நகரம், ஊரகம் என்றும் பிரித்திருந்தார்கள். சித்தூர் மாதிரி மாவட்டம் என்றால் முகமதியர் அல்லாதோர் ஊரகத் தொகுதி. வாக்காளர் பட்டியல் முழுக்கப் பட்டா வைத்திருக்கும் விவசாயிகள், கொஞ்சம் வக்கீல்கள், வியாபாரிகள். நிலமில்லாத கூலிக்காரர் பெயர் அதில் இருக்காது. கிராமத்தின் பிரதிநிதி என்று சொல்லும்போது கிராமத்தில் யாருடைய பிரதிநிதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜில்லா போர்டு என்ற அதிகார மையம்

1920 தேர்தலில் 98-ல் 63 இடங்களை வென்றது நீதிக்கட்சி. பிராமணர் அல்லாதோரின் உரிமைக்காக 1916-ல் தியாகராய செட்டி, டி.எம்.நாயர், நடேச முதலியார் ஆகியோர் தொடங்கிய இயக்கம். முதலில் சுப்பராயலு ரெட்டியார் முதன்மை அமைச்சர். 1921 ஜூலையில் உடல்நலக் குறைவால் அவர் விலக, காளஹஸ்திக்காரரான பனகல் ராமராயநிங்கார் அந்த இடத்துக்கு வந்தார். பனகல் அரசர் என்று நாம் சொல்வது இவரைத்தான். ஜமீன்தார் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், சமஸ்கிருதப் புலமை உள்ளவர். டெல்லி சட்டசபையில் நிலச்சுவான்தார்களின் பிரதிநிதியாக ஏற்கெனவே இருந்தவர்.

அவர் கையில் வைத்திருந்த துறை உள்ளாட்சி. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் எங்கே வரும், ரோடு எங்கே போகும், ஆஸ்பத்திரி எந்த ஊருக்கு, காண்ட்ராக்ட் யாருக்கு என்பதையெல்லாம் முடிவு செய்தவை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும். அவற்றின் தலைவர், உறுப்பினர் பதவிகளில் பல நியமனப் பதவிகள். நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு. ஒரு மாவட்டத்தில் யாரைத் தூக்கிவிடுவது, யாரை ஓரங்கட்டுவது என்பது சென்னையில் ஒரு மேஜையில் முடிவாகும்.

பனகல் அரசர் இந்த அதிகாரத்தை ரொம்பத் திறமையாகப் பயன்படுத்தினார். கட்சியைக் கட்டிக்காத்தது அதுதான். கட்சிக்குள் பகையை வளர்த்ததும் அதுதான். பதவி கிடைத்தவர் விசுவாசி ஆவார். கிடைக்காத நாலு பேர் எதிரி ஆவார்கள்.

இதோடு இன்னொரு புகைச்சல். முதல் அமைச்சரவையில் சுப்பராயலு ரெட்டியார் போன பிறகு இருந்த மூவரும் தெலுங்கு பேசும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்: பனகல் அரசர், கே.வி.ரெட்டி நாயுடு, ஏ.பி.பாத்ரோ. தமிழ் மாவட்டத்து உறுப்பினர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.ராஜாவும் 1923 வாக்கில் கட்சியிலிருந்து விலகினார்.

ரெட்டி ஏன் வெளியேறினார்?

ரெட்டி மேலவைக்குள் வந்தது நீதிக்கட்சிக்காரராகத்தான். கட்சிக்குள் அவருக்கு ஒட்டவில்லை. ஜமீன்தார்களும் பெரிய நிலச்சுவான்தார்களும் கட்சியை நடத்துகிறார்கள், நவீனமான கொள்கை எதுவும் இல்லை என்பது அவருடைய பக்கத்து விமர்சனம். விவசாயக் குடும்பம் என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே பொருந்துகிறது. நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும் ஜமீனுக்கும் வாழ்க்கை ஒன்று கிடையாது, ஒரே சாதிப் பட்டியலில் இருந்தாலும்.

கேம்பிரிட்ஜில் படித்து, ஒரு சமஸ்தானத்தின் கல்வியையே நடத்திவிட்டு வந்தவருக்கு அமைச்சர் பதவி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த ஏமாற்றம் இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. கொள்கையும் சொந்த ஆசையும் ஒரே மனிதருக்குள் ஒன்றாகக் குடியிருப்பது அரசியலில் புதுசு கிடையாது.

1923 தேர்தலுக்குச் சற்று முன் அவர் கட்சியைவிட்டு விலகினார். அதிருப்தியாளர்களைச் சேர்த்து ஐக்கிய தேசியக் கட்சி என்று ஒரு அணியை அமைத்தார். அந்தத் தேர்தலில் நீதிக்கட்சியின் பலம் குறைந்தது. காங்கிரஸுக்குள்ளிருந்து சட்டமன்றம் போகலாம் என்று முடிவெடுத்த சுயராஜ்யக் கட்சிக்காரர்களும் இந்த முறை உள்ளே வந்தார்கள். சத்தியமூர்த்தி அவர்களில் ஒருவர்.

ஆளுநர் வெலிங்டன் மறுபடியும் பனகல் அரசரையே அழைத்தார். 1923 நவம்பர் 19-ல் பதவியேற்பு. இந்த முறை கே.வி.ரெட்டி நாயுடுவுக்குப் பதிலாகத் திருநெல்வேலிப் பக்கத்து டி.என்.சிவஞானம் பிள்ளை அமைச்சரானார். தமிழ் உறுப்பினர்களின் புகைச்சலுக்குப் போட்ட மருந்து இது என்று புரிந்துகொள்ள பெரிய அரசியல் ஞானம் தேவையில்லை.

44-க்கு 65

புதிய மேலவை கூடிய கையோடு, நவம்பர் 27-ல் ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அடுத்த நாள் வாக்கெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவு 44. எதிர்ப்பு 65. பனகல் அரசர் தப்பினார்.

21 வாக்கு வித்தியாசம் என்றால் பெரிய தோல்வி மாதிரித் தெரிகிறது. ஆனால் அவையில் உட்கார்ந்திருந்த நியமன உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களை நியமித்தது அரசு. ஆளுநர் வெளிப்படையாகப் பனகல் பக்கம். இவர்கள் அமைச்சரவையைக் கவிழ்க்கக் கை தூக்குவார்கள் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்குள் மட்டும் பந்தயம் நடந்திருந்தால் இடைவெளி இவ்வளவு இருந்திருக்காது.

சட்டப்படி பார்த்தாலும் சிக்கல். இன்றைக்கு அரசியல் சாசனத்தின் 75-வது பிரிவும் 164-வது பிரிவும் அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கின்றன. பெரும்பான்மை போனால் பதவி போச்சு. 1919 சட்டத்தில் அந்தத் தெளிவு கிடையாது. அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள். சட்டமன்றத்தின் கையில் இருந்த கூர்மையான ஆயுதம், அமைச்சரின் சம்பளத்துக்கு ஓட்டுப் போடாமல் இருப்பதுதான். 1924-ல் வங்காளத்திலும் மத்திய மாகாணத்திலும் சுயராஜ்யக் கட்சியினர் அதைத்தான் செய்தார்கள்.

ஆக, ரெட்டி கொண்டுவந்த தீர்மானத்தின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. அமைச்சர் என்பவர் ஆளுநருக்குப் பதில் சொல்பவரா, அவைக்குப் பதில் சொல்பவரா என்ற கேள்வியை, பதில் எழுதப்படாத காலத்தில் அவையின் மேஜைமேல் வைத்தது அது. பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் மக்களவையில் இதே வழியில் முதல் தீர்மானம் வர 1963 ஆகஸ்ட் வரை ஆனது. நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தார். 62-க்கு 347 என்று தோற்றது. 2018-ல் ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு தெலுங்கு தேசம் கொண்டுவந்த தீர்மானமும் 126-க்கு 325 என்று தோற்றது. ஜெயிக்காது என்று தெரிந்தே கொண்டுவரும் தீர்மானங்களுக்கு நம் ஊரில் நீண்ட வரிசை இருக்கிறது. வரிசையின் முதல் ஆள் சித்தூர்க்காரர்.

அப்படியென்றால் ரெட்டி ஹீரோ, பனகல் அரசர் வில்லனா? அவ்வளவு எளிதாக முடியாது. அரசு வேலைகளில் எல்லாச் சமூகத்துக்கும் இடம் என்ற முதல் வகுப்புவாரி அரசாணை 1921-ல் வந்தது பனகல் காலத்தில். இன்றைய இட ஒதுக்கீட்டுக் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். 1925-ல் சட்டமான இந்து அறநிலையச் சட்டமும் அவருடையது. இன்று நாம் பார்க்கும் அறநிலையத் துறையின் மூலம் அது. எதிர்ப்பக்கம் நின்ற 44 பேரோ ஒரு கொள்கையில் இணைந்தவர்கள் இல்லை. நீதிக்கட்சி அதிருப்தியாளர்கள், சுயராஜ்யக் கட்சிக்காரர்கள், சுயேச்சைகள். பனகல் அரசர் வேண்டாம் என்பதில் ஒற்றுமை. அடுத்து யார், எதற்காக என்பதில் கிடையாது. தீர்மானம் ஜெயித்திருந்தால் அடுத்த வாரமே அடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

தோற்றவருக்குக் கிடைத்த பல்கலைக்கழகம்

வாக்கெடுப்பில் தோற்ற எதிர்க்கட்சித் தலைவர் அடுத்து என்ன செய்வார்? ரெட்டி திரும்பத் தனக்குத் தெரிந்த வேலைக்கு வந்தார்: பல்கலைக்கழகம் கட்டுவது.

தெலுங்கு பேசும் மாவட்டங்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருந்தது. ஆந்திரப் பல்கலைக்கழக மசோதாவை 1925-ல் மேலவைக்குக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் ஏ.பி.பாத்ரோ. ஆம், இரண்டு வருடத்துக்கு முன் ரெட்டி கவிழ்க்கப் பார்த்த அதே அமைச்சரவையின் பாத்ரோதான். 1926 ஏப்ரல் 26-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பல்கலைக்கழகம் தொடங்கியது. முதல் துணைவேந்தர் சி.ஆர்.ரெட்டி. அப்போதும் முதன்மை அமைச்சர் பனகல் அரசர்தான்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சண்டைக்காரரைச் சபையிலிருந்து மரியாதையாக வெளியே அனுப்ப ஒரு வழி என்று பார்க்கலாம். அந்த வேலைக்கு மாகாணத்தில் அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றும் பார்க்கலாம். இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு.

பல்கலைக்கழகம் வந்தும் சண்டை ஓயவில்லை. தலைமையிடம் எங்கே? பெஜவாடா, ராஜமுந்திரி, அனந்தபூர், விசாகப்பட்டினம் என ஊருக்கு ஊர் உரிமை கொண்டாடின. கடைசியில் 1930-ல் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேருக்குப் போனது. இன்று ராயலசீமா என்று அழைக்கப்படும் பகுதியிலோ, கடலோர மாவட்டங்களின் ஆதிக்கத்தில் இருப்பதைவிட சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருப்பதே மேல் என்ற மனநிலை. வரைபடத்தைப் பாருங்கள்: சித்தூரிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். விசாகப்பட்டினம் 700 கிலோமீட்டருக்கும் மேல். சித்தூர்க்காரர் கட்டிய பல்கலைக்கழகம் சித்தூரிலிருந்து எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்தது. 1937-ல் கடலோரத் தலைவர்களும் ராயலசீமா தலைவர்களும் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகத்துக்கு அனந்தபூரிலும் ஒரு மையம் வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டிய அளவுக்கு இந்த வருத்தம் ஆழமாக இருந்தது.

ராஜினாமாவும் சர் பட்டமும்

1930 உப்புச் சத்தியாகிரகம். அரசு அதைக் கடுமையாக ஒடுக்கியது. அதைக் கண்டித்து ரெட்டி துணைவேந்தர் பதவியை ராஜினாமா செய்தார். சொந்தக் கையால் நட்ட செடி அப்போதுதான் வேர் பிடித்திருந்த நேரம். அந்த இடத்துக்கு 1931-ல் வந்தவர் திருத்தணிப் பக்கத்துச் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மறுபடியும் பாருங்கள், அதே மண், கொஞ்சம் தள்ளி.

ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவிக்குப் போன பிறகு, 1936-ல் ரெட்டி மீண்டும் துணைவேந்தரானார். இந்த முறை 1949 வரை, 13 வருடம். உலகப் போர் வந்தது. 1942 ஏப்ரல் 6-ல் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர வேண்டிவந்தது. போர் முடியும்வரை அங்கிருந்து நடந்தது. கட்டடம் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகத்தைக் கலையாமல் வைத்திருப்பது, 44 ஓட்டு சேர்ப்பதைவிடக் கஷ்டமான வேலை.

அதே 1942-ல் அவருக்கு சர் பட்டம். வெள்ளையனே வெளியேறு இயக்கம் நடந்த வருடம் அது. 1930-ல் அரசைக் கண்டித்து ராஜினாமா செய்தவர் 1942-ல் அதே அரசின் பட்டத்தை ஏற்றார். அவரைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டத் தேவையில்லை. முழுக்க காங்கிரஸ்காரராகவோ முழுக்க நீதிக்கட்சிக்காரராகவோ அரசு விசுவாசியாகவோ அவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எந்தக் கட்சியும் அவரைத் தன் ஆள் என்று சொந்தம் கொண்டாடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தெலுங்கு இலக்கியத்தில் மட்டும் அவர் இடம் அசையவில்லை. 1914-ல் வந்த கவித்துவ தத்துவ விசாரமு என்ற விமர்சன நூல், பிங்கலி சூரனாவின் பழைய காவியம் ஒன்றைப் புதிய கண்ணோடு படித்துக் காட்டியது. தெலுங்கில் நவீன விமர்சனம் அங்கிருந்து தொடங்குகிறது என்பவர்கள் உண்டு. பொருளாதாரத்தைத் தெலுங்கில் சொல்ல அர்த்தசாஸ்திரமு என்று தனியாக ஒரு புத்தகம் எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1949-ல் மைசூர் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக, தான் இளமையில் வேலை பார்த்த ஊருக்குத் திரும்பினார். 1951 பிப்ரவரி 24-ல் காலமானார்.

அவர் போன பிறகு

மொழிவாரி மாநிலத்தை அவர் பார்க்கவில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் போனது. திருத்தணிக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. இப்போது காளஹஸ்தி திருப்பதி மாவட்டத்தில், கட்டமஞ்சி சித்தூர் மாவட்டத்தில். பனகல் அரசரும் ரெட்டியும் இன்று இருந்தால் ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர் டி.பிரகாசம். 1954 செப்டம்பர் 2-ல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. திருமலை தேவஸ்தானம் உதவி செய்தது. சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பட்டம் படிக்க ஒரு வழியாக மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம். இரண்டு மாதம் கழித்து, 1954 நவம்பரில், மதுவிலக்குப் பிரச்சினையில் பிரகாசம் அரசு மீது சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. இந்த முறை நியமன அதிகாரிகள் ஓட்டுப் போட அவையில் இல்லை. அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது.